உட்கார்ந்தே சிரித்தவள்

குவீனி டட் சிரித்தால் பக்கத்து வீட்டுப் பூனை கூரையேறிவிடும் என்று பிரிங்டன் பட்டாள முகாமில் சொல்வார்கள். அது பொய். பூனை ஏறியது ஒரே ஒரு தடவைதான், அதுவும் நாய்க்குப் பயந்து. ஆனால் சிரிப்பு பெரிய சிரிப்பு என்பது உண்மை. சின்ன உடம்பு, குளிரில் நுனி சிவந்த மூக்கு, தலையில் எப்போதும் ஒரு துணிக்கட்டு. அந்த உடம்புக்குள் இத்தனை சத்தம் எந்த மூலையில் கிடக்கிறது என்று பார்த்தவர்கள் அசந்துபோவார்கள். முதலில் மூச்சு உள்ளே போகும். ஒரு கணம் ஒன்றும் இருக்காது. பிறகு மூட்டை அவிழ்ந்து உருளைக்கிழங்கு கொட்டுகிற மாதிரி கடகடவென்று வரும். வந்தால் நிற்காது.

அது அப்பன் வீட்டுச் சொத்து. லண்டனில் பெர்மண்ட்ஸியில், மீன் பொரிக்கிற கடைக்கு மேலே மாடியறையில் பிறந்தவள் அவள். அப்பா பெயர் ஸ்கெக்ஸ், துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அந்த வீட்டில் வினிகர் வாசனைக்கும் சிரிப்புக்கும் பஞ்சமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பஞ்சம்தான். பள்ளிக்கூடத்தில் ஜெபத்தின் நடுவே சிரித்து வெளியே நின்றாள். பிஸ்கட் தொழிற்சாலையில் சிரித்து வேலை போய், மறுபடி கூப்பிட்டார்கள், ஏனென்றால் அவள் இல்லாத வாரம் மற்றப் பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலையும் செய்யவில்லை. ஜெர்மன் விமானம் குண்டு போட்ட நாட்களில் பதுங்குகுழியிலும் சிரித்தாள்.

"யாரும்மா அது? மேல இருக்கிறவனுக்குக் கேட்டுடப் போகுது" என்றார் காவலுக்கு நின்ற கிழவர்.

"கேக்கட்டும் தாத்தா. நாங்க இன்னும் இருக்கோம்னு தெரிஞ்சிட்டுப் போகட்டும்."

சொந்தக் கல்யாணத்தில்கூட அவளால் அடக்க முடியவில்லை. கிளெம் டட் கக்கத்தில் வைத்திருந்த பட்டாளத் தொப்பியைத் தவறவிட்டு, எடுக்கக் குனிந்து, நிமிரும்போது பாதிரியார் வயிற்றில் முட்டிவிட்டான். பாதிரியார் "ஹக்" என்றார். மணப்பெண் மாதா சிலைக்கு அருகே மண்டியிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பக்தி மிகுந்து அழுகிறாள் என்று மாப்பிள்ளையின் அத்தை நினைத்துக்கொண்டாள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

கிளெம் நேர் எதிர். நெடிய, எலும்பான, வார்த்தையை எண்ணிப் பேசுகிறவன். பட்டாளக் கிடங்கில் கார்ப்பரல். கம்பளி, பூட்ஸ், தகரக் குவளை, கூடார ஆணி, எதைக் கேட்டாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பான். கையெழுத்து இல்லாமல் கர்னலே வந்து கேட்டாலும் ஒரு கயிற்றுத் துண்டு பெயராது. அவன் ஒரு வேடிக்கைப் பேச்சு பேசி யாரும் கேட்டதில்லை. "கிடங்குல சிரிச்சா எண்ணிக்கை தப்பும், குவீன்" என்பான், அதையும் சிரிக்காமல்.

கல்யாணத்துக்குப் பிறகு அவனோடு நாலு முகாம் மாறி, கடைசியாக இந்த வில்ட்ஷயர் சமவெளிக்கு வந்து சேர்ந்தாள். காற்றும் சுண்ணாம்புச் சேறும் தவிர அங்கே வேறு விளைச்சல் இல்லை. கார்ப்பரல்களுக்குக் கொடுத்த வீடுகளில் சுவர் வருஷம் முழுக்க வியர்த்துக்கொண்டிருக்கும். கிளெமுக்கு ஐப்பசியில் தொடங்குகிற இருமல் சித்திரையில்தான் ஓயும். சார்ஜெண்ட் வீடுகள் செங்கல் வீடுகள், காய்ந்த சுவர், குளியலறையில் குழாயைத் திருகினால் வெந்நீர். கார்ப்பரல் சட்டைக் கையின் இரண்டு பட்டைக்கும் சார்ஜெண்டின் மூன்று பட்டைக்கும் நடுவில் இருந்தது ஒரு துணுக்குத் துணிதான். ஆனால் அந்தத் துணுக்குக்கு அப்பால் ஒரு மனிதனுக்கு மார்பு இருமாது.

அங்கே இன்னொரு வழக்கம். புருஷன் சட்டைக் கையில் எத்தனை பட்டையோ அத்தனை பட்டை பெண்டாட்டிக்கும். ஆஸ்பத்திரி வரிசையில், துணி காயப்போடும் கொடியில், கோவில் பெஞ்சில், எல்லா இடத்திலும். சார்ஜெண்ட் மேஜர் ஹார்பாட்டிலின் மனைவி வந்தால் கார்ப்பரல்களின் மனைவிகள் எழுந்துகொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எல்லாரும் எழுந்தார்கள். குவீனியும் எழுந்தாள், கிளெமின் இருமலை நினைத்துக்கொண்டு.

அவளுக்கென்று அவள் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. டவுனில் பட்டாளத்தைப் பற்றிச் சிரிப்புப் படம் வந்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடுவாள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட படங்கள் மழைக்கு முளைத்த காளான் மாதிரி வந்துகொண்டிருந்தன. கத்துகிற சார்ஜெண்ட், ஒன்றும் விளங்காத ஆபீசர், எதையும் தலைகீழாகச் செய்கிற புதுப் பையன்கள். எல்லாம் ஒரே கதைதான். அவளுக்கு அது போதும்.

ஜெயித்த பட்டாளத்தை எதற்கு இப்படிக் கேலி செய்ய வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் எல்லாரும் பட்டாளத்தில் கத்தியவர்கள். அந்தக் கத்தலை வாங்கியவன் ஒருத்தனும் அப்படிக் கேட்டதில்லை. அந்த நாட்டில் அப்போது வீட்டுக்கு வீடு யாரோ ஒருவன் காக்கி போட்டு, மழையில் நின்று, ஏன் என்று தெரியாமல் குழி வெட்டி, ஏன் என்று தெரியாமல் அதே குழியை மூடிவிட்டு வந்தவன். பக்கத்தில் நின்றவன் செத்ததைச் சொல்ல வாய் வராது. குழி வெட்டி மூடியதைச் சொல்ல வெட்கம். ஆகவே எதையும் சொல்லாமல் தேநீரைக் குடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பான். அவனைக் கொண்டுபோய் அந்தப் படத்தின் முன் உட்கார வையுங்கள். திரையில் ஒருத்தன் குழி வெட்டி மூடுவான். இவன் தொடையில் அடித்துக்கொண்டு, "எங்களையும் இப்படித்தான்டா பண்ணானுங்க!" என்று பக்கத்தில் இருக்கிற முன்பின் தெரியாதவனிடம் சொல்வான். பல வருஷத்துப் பூட்டு அது. கண்ணீரால் திறக்கவில்லை, சிரிப்பால் திறந்தது. இதில் என்ன குற்றம்?

குவீனிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவள் தம்பி லென். பத்தொன்பது வயதில் நார்மண்டிச் சண்டையில் ஒரு வேலியோரம் உயிர் போனவன்.

லென்னுக்கு நடக்க வராது. வீட்டில் நன்றாகத்தான் நடந்தான். அணிவகுப்பில் "நட" என்று கத்தினால் போச்சு. வலது காலோடு வலது கை போகும், இடது காலோடு இடது கை போகும். மரப்பாச்சி போல. கடைசி விடுப்பில் வந்தபோது, சமையலறையில் மேசைக்கும் தொட்டிக்கும் நடுவே அப்படி நடந்து காட்டினான். பின்னாலேயே கத்திக்கொண்டு வருகிற சார்ஜெண்டாகவும் அவனே நடித்தான். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அம்மா கொதிக்கிற கெண்டியைக் கீழே போட்டாள். அதுதான் அந்த வீடு கடைசியாகச் சேர்ந்து சிரித்த நாள்.

சண்டை முடிந்து கல்லில் பெயர் வெட்டினார்கள். "லெனர்ட் ஸ்கெக்ஸ் தன் இடத்தில் அசையாமல் நின்றான்" என்று பாதிரியார் பிரசங்கம் செய்தார். எல்லாரும் அழுதார்கள். குவீனி அழவில்லை, கோபத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்க லென் ஒரு இடத்திலயும் அசையாம நின்னதில்ல" என்று அன்று கிளெமிடம் சொன்னாள். "இது யாரோ வேற பையன். கல்லுல வெட்டி அவனை நேரா நிமுத்திட்டாங்க, கிளெம். என் தம்பியைக் கொண்டுபோய்ட்டு வேற யாரையோ குடுத்திருக்காங்க."

படக் கொட்டகையில்தான் அவளுக்கு அவன் திரும்பக் கிடைத்தான். எந்தப் படமாக இருந்தாலும் அதில் ஒருத்தன் லென் மாதிரி தப்புத் தப்பாகச் செய்வான். அவனைப் பார்த்துச் சிரிக்கிறபோது அவள் அழவேண்டியதையும் சேர்த்துத்தான் சிரித்தாள்.

இப்படி இருக்கும்போது, ராணி முடிசூடி ஆறேழு வருஷம் கழித்து, பட்டாளத்தின் ஆண்டுவிழா வந்தது. முகாம் கொட்டகையில் எல்லாருக்கும் குடும்பத்தோடு இலவசப் படம். படத்தைத் தேர்ந்தெடுத்தது மீசை முளைக்காத ஒரு லெஃப்டினன்ட். படத்தின் பெயரைப் பார்த்தால் எக்காளம் ஊதுகிற மாதிரி இருந்தது, வீரப் படமாக இருக்கும் என்று வரவழைத்துவிட்டான். பெட்டி வந்து சேர்ந்து, படம் ஓட்டுகிறவன் வெளியே ஒட்டும் தாளைப் பிரித்தபோதுதான் தெரிந்தது: ஒரு தடித்த சார்ஜெண்ட் சேற்றுத் தொட்டியில் தலைகீழாக நிற்கிறான். மாற்ற நேரமில்லை. கர்னல் டேக்கர் வருவதாக முறைப்படி எழுதியாகிவிட்டது.

சார்ஜெண்ட் மேஜர் ஹார்பாட்டில் அன்று காலை அணிவகுப்பில் நின்று, "இன்னிக்குப் படம் பார்க்கப்படும். ஒழுங்காப் பார்க்கப்படும்" என்று முழங்கினார். அதற்குப் பிறகு கிடங்குக்கே வந்தார்.

"கார்ப்பரல் டட்."

"சார்."

"செவ்வாய்க்கிழமை மேஜர் விக்ஸ்டெட் உன்னைக் கூப்பிட்டு விசாரிக்கப் போறார், மூணாவது பட்டைக்கு. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"உன் வீட்டம்மாவோட சிரிப்பு இருக்கே, அது எனக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். கர்னல் சிரிச்சப்புறம் நாங்க சிரிப்போம். நாங்க சிரிச்சப்புறம் சார்ஜெண்ட்மாருங்க. அப்புறம் நீங்க. புரியுதா?"

"புரியுது சார்."

கிளெம் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது குவீனி ரொட்டியில் கொழுப்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"சிரிப்புக்குக்கூடவா கியூ?" என்றாள்.

"நீ வேணா வீட்லயே இருந்துடேன், குவீன். தலைவலின்னு சொல்லிடறேன்."

"எனக்குத் தலைவலி வந்து பார்த்திருக்கியா நீ?" கத்தியை வைத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "சரி, கைக்குட்டையை வாய்ல திணிச்சுக்கிறேன். உன் பட்டைக்காக. ஆனா வருவேன். பட்டாளப் படம், காசும் கேக்கல, நான் வராம இருக்கறதாவது!"

முகாம் கொட்டகை தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். முன்னால் சிப்பாய்களுக்கு மரப்பெஞ்சு. அதன் பின் கார்ப்பரல்களும் மனைவிகளும். அதன் பின் சார்ஜெண்டுகள். எல்லாருக்கும் பின்னால், உயர்ந்த மேடையில், மெத்தை வைத்த நாற்காலிகளில் ஆபீசர்கள். நடுநாயகமாகக் கர்னல். விளக்கு அணைந்தது. படம் தொடங்கியது.

நல்ல படம். முதல் ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு புதுப் பையன் தன்னைவிடப் பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு கையைத் தேடினான். டவுனாக இருந்தால் கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கும். இங்கே ஈ பறந்தால் கேட்கும். ஐந்நூறு பேர் கழுத்துப் பின்புறத்தால் கேட்டுக்கொண்டிருந்தார்கள், கர்னல் சிரிக்கிறாரா என்று. கர்னலிடமிருந்து சத்தமே இல்லை. திரையில் சார்ஜெண்ட் சேற்றில் விழுந்தான். சத்தமில்லை. சமையல்காரன் கஞ்சிப் பானைக்குள் பூட்ஸைத் தேடினான். சத்தமில்லை. பெஞ்சில் கார்ப்பரல் ஒருத்தன் கன்னத்தை உள்ளே கடித்துக் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தான். சாவு வீட்டில்கூட அவ்வளவு ஒழுங்கு பார்க்க முடியாது.

விஷயம் என்னவென்றால், கர்னல் டேக்கர் தூங்கிக்கொண்டிருந்தார். பீரங்கிச் சத்தத்தில் ஒரு காது போன மனிதர், நல்ல மனிதர்தான், விளக்கை அணைத்தால் தூங்கிவிடுவார். இருட்டில் அது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. அந்த அம்மாள் அதை வெளியே சொல்வாளா?

குவீனி வாக்குக் கொடுத்தபடி கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் தாங்கினாள். அதை அவளுக்கு வரவு வைத்தே ஆகவேண்டும்.

அப்போது படத்தில் அணிவகுப்புத் திடல் வந்தது. பையன்கள் வரிசையாக நின்றார்கள். "நட!" என்று கத்தினான் சார்ஜெண்ட். வரிசையின் கடைசியில் ஒரு மூக்குக் கண்ணாடிப் பையன். வலது காலோடு வலது கை போயிற்று. இடது காலோடு இடது கை போயிற்று.

குவீனியின் மூச்சு உள்ளே போனது. கிளெம் கண்ணை மூடிக்கொண்டான்.

உருளைக்கிழங்கு கொட்டியது. தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. முன்பெஞ்சில் ஒரு சிப்பாய் தாங்க முடியாமல் "ஹோ" என்றான், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்தச் சத்தத்தில் கர்னல் விழித்தார். கூட்டம் சத்தம் போடுகிறது. படம் முடிந்துவிட்டது என்று நினைத்தார். படம் முடிந்தால் ராணிக்குத் தேசியகீதம் வாசிப்பார்கள், எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். அந்த ஊர்ப் பழக்கம் அது. கர்னல் டேக்கர் விறைப்பாக எழுந்து நின்றார்.

கர்னல் எழுந்தால் யார் உட்கார முடியும்? மேடையில் ஆபீசர்கள் எழுந்தார்கள். சார்ஜெண்டுகள் எழுந்தார்கள். நாற்காலிகள் படபடவென்று மடங்கின. ஐந்நூறு பேரும் இருட்டில் நேர்ப்பார்வையாக, கைகள் தொடையை ஒட்டி நின்றார்கள். கீதம் வரவில்லை. வருமா? படம் பாதியில் இருக்கிறது. திரையில் மூக்குக் கண்ணாடிப் பையன் மரப்பாச்சி போலத் திடலை விட்டே வெளியே நடந்துபோய்க்கொண்டிருந்தான். முழுப் பட்டாளமும் அவனுக்கு மரியாதை செலுத்தி நின்றது.

உட்கார்ந்திருந்தது குவீனி ஒருத்திதான். எழுந்திருக்க அவளுக்குக் கால் இல்லை. சிரிப்பு கால்வரை இறங்கிவிட்டிருந்தது.

சார்ஜெண்ட் மேஜரின் டார்ச் விளக்கு அவள் முகத்தில் விழுந்தது.

"மிஸஸ் டட்! எழுந்திருங்க!"

"எதுக்குங்க?"

"கர்னல் நிக்கிறார்!"

"படம் பாதியில நிக்கிறாருன்னா தூக்கத்துலதான் நிக்கணுங்க. நான் முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

யாரோ மூச்சை இழுத்தார்கள். டார்ச் பக்கத்தில் நகர்ந்தது.

"கார்ப்பரல் டட்! உன் பெண்டாட்டியை எழுப்பு. இது உத்தரவு!"

கிளெம் பதினைந்து வருஷ சர்வீஸில் ஒரு உத்தரவையும் மீறியவனில்லை. விறைப்பாக நின்றான்.

"சார், முடியாது சார்."

"என்ன சொன்னே?"

"அவங்க என் இருப்புல இல்ல சார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கினது இல்ல."

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. கிடங்குக்காரனுக்கு அதுதான் சட்டம், அதைத்தான் சொன்னான். ஆனால் அத்தனை நேரம் அடைத்து வைத்த ஐந்நூறு சிரிப்பும் அந்த ஒரு வார்த்தையில் உடைந்தது. விறைப்பு கலையாமலே சிரித்தார்கள். கை தொடையில், கண் நேரே, தோள் மட்டும் குலுங்க, கன்னத்தில் நீர் ஓட, ஒரு பட்டாளமே நின்றபடி சிரித்தது. அப்படி ஒரு காட்சியை எந்தப் படத்திலும் எடுக்க முடியாது.

கர்னலுக்குப் பாதிதான் கேட்டது. "கீதம் என்னாச்சு?" என்றார். மனைவி கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். ஆனால் யாராவது ஒருத்தர் விலை கொடுத்தாக வேண்டும். பட்டாளத்தில் சிரிப்புக்கு எப்போதும் யாராவது விலை கொடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்ததும் மிஸஸ் ஹார்பாட்டில் கையுறையோடு குவீனி வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வந்து, வியர்க்கிற சுவரைப் பார்த்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"நான் உங்க நல்லதுக்குத்தான் வந்திருக்கேன், மிஸஸ் டட். கர்னல் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அன்னிக்கு உடம்பு சரியில்ல, நரம்புத் தளர்ச்சின்னு. அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை எல்லாம் நல்லபடியா நடக்கும்."

"எனக்கு உடம்பு நல்லாத்தாங்க இருந்துச்சு."

"இது ஒரு மரியாதைக்கு."

"யாருக்கு மரியாதை? சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன். அதை நோய்னு நானே போய்ச் சொல்லணுமா?"

மிஸஸ் ஹார்பாட்டில் தேநீரைத் தொடவில்லை. "பட்டாளத்தைக் கேலி பண்ற படம் அது. செத்துப்போன பையன்களுக்கு அது அவமானம்னு உங்களுக்குத் தோணலையா?"

குவீனி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"செத்துப்போன பையன் ஒருத்தன் எங்க வீட்லயும் உண்டு. அவனுக்கு வலது கால் எது இடது கால் எதுன்னு தெரியாது. அந்தக் காலோடதான் அவன் அங்க போனான், அந்தக் காலோடதான் செத்தான். நேரா நடந்தவனுக்குக் கல்லு வெச்சிருக்கீங்க. கோணலா நடந்தவனை எங்க பார்க்கறது நான்? அந்தப் படத்துலதான் பார்க்கறேன். அவமானம்னா எனக்குத்தான் அவமானம். எனக்கு அது இல்ல."

கையுறைக்காரி போய்விட்டாள். கிளெம் அடுத்த அறையில்தான் இருந்தான், எல்லாம் கேட்டது. குவீனி அவன் முன்னால் வந்து நின்றாள். வீரமெல்லாம் வடிந்துவிட்டது. அவன் மார்பு விசில் அடித்துக்கொண்டிருந்தது.

"கிளெம், நீ சொன்னா போறேன். ஒரே ஒரு தடவை. தொப்பி போட்டுக்கிட்டு போய், நோய்னு சொல்லிட்டு வந்துடறேன். அந்தக் காய்ஞ்ச சுவரு உனக்கு வேணும்னு எனக்குத் தெரியாதா? ஆனா அப்படிச் சொல்லிட்டு வந்தப்புறம் எனக்குச் சிரிப்பு வருமான்னு தெரியல. அதையும் சொல்லிடறேன்."

கிளெம் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். துணியை எச்சில் தொட்டு, வட்ட வட்டமாகத் தேய்த்தான். ஒரு பூட்ஸ் முடிந்தது. இன்னொன்றை எடுத்தான். குவீனி அன்று தன் தொப்பியை எடுத்து வாசலருகே ஆணியில் மாட்டி வைத்தாள், திங்கட்கிழமை அதைப் பார்த்துப் பார்த்துப் போனாள் வந்தாள். போ என்று அவன் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மடிப்புக் கலையாத சட்டையோடு மேஜர் விக்ஸ்டெட்டின் அலுவலகத்துக்குப் போனான். பிற்பகல் தேநீர் வேளையில் திரும்பி வந்தான். குவீனி முதலில் பார்த்தது அவன் சட்டைக் கையை. பட்டை வந்தால் அன்றே தைத்துவிட மாட்டார்கள், அது அவளுக்குத் தெரியும்; ஆனாலும் அங்கேதான் பார்த்தாள். பிறகு முகத்தை. முகத்தில் தெரிந்துவிட்டது.

"இல்லையா?"

"இல்ல."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "என்னாலதானே?"

கிளெம் தொப்பியைக் கழற்றி வைத்தான். சமையலறையில் மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். ஒரு கரண்டியை எடுத்து மூக்குக்குக் கீழே குறுக்காகப் பிடித்தான். மேஜர் விக்ஸ்டெட்டின் மீசை அது. குவீனிக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த மனிதன் இப்படி ஒரு காரியம் செய்து பார்த்ததில்லை அவள்.

"கார்ப்பரல் டட்" என்றான், மூக்கால். அச்சு மேஜர். "உன் மனைவி இன்னும் மன்னிப்பு கேக்கலைன்னு கேள்விப்பட்டேன்."

கரண்டியை இறக்கி, மேசைக்கு இந்தப் பக்கம் வந்து விறைப்பாக நின்று, கிளெம் ஆனான். "இல்ல சார். கேக்க மாட்டாங்க சார். நானும் கேக்கச் சொல்லல."

மறுபடி அந்தப் பக்கம். கரண்டி. "ஒரு பொம்பளையை அடக்கத் தெரியாதவன் பன்னிரண்டு ஆம்பளைங்களை எப்படி நடத்துவான்?"

இந்தப் பக்கம். "சார், பன்னிரண்டு பேரும் சம்பளம் வாங்குறாங்க சார். சொன்னதைக் கேட்டுத்தான் ஆகணும். என் சம்சாரத்துக்கு யாரும் சம்பளம் குடுக்கல சார்."

"அப்படியா சொன்னே?" என்றாள் குவீனி. வாயில் கை போயிற்று.

"சொன்னேன். அவருக்கு மீசை தேநீர்க் கோப்பைக்குள்ள போயிடுச்சு." கரண்டியை மூக்கடியில் வைத்துக்கொண்டே தேநீர்க் கோப்பையை எடுத்து, மீசை நனைந்த மேஜர் எப்படிக் கௌரவமாக அதைத் துடைத்தார் என்று செய்து காட்டினான். பிறகு வெளியே போகச் சொன்னதும் தான் எப்படித் திரும்பி, பயத்தில் கதவுக்குப் பதிலாக அலமாரியைத் திறந்து, உள்ளே தொங்கிய மழைக்கோட்டுக்கு சல்யூட் அடித்தான் என்று காட்டினான். அது நடந்ததா, அவனாகச் சேர்த்ததா என்று குவீனி கேட்கவில்லை.

மூச்சு உள்ளே போனது.

பக்கத்து வீட்டிலிருந்து சுவரை மடேர் மடேரென்று இடித்தாள் டாட், இன்னொரு கார்ப்பரலின் மனைவி. "குவீனி! என்னடி கூத்து அங்க? குழந்தை எழுந்திருச்சிருச்சு!"

குவீனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பூரிக்கட்டை போல உருண்ட மாவுக்கட்டையை எடுத்து அதே சுவரில் திருப்பி இடித்தாள். "குழந்தையையும் தூக்கிட்டு வாடி! கிளெம் மேஜரைப் பண்றான்!"

"யாரு? உங்க கிளெமா?"

டாட் வந்தாள். அவள் புருஷன் வந்தான். அவனைத் தேடி வந்த இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள், அவர்கள் போய் இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தார்கள். கிளெம் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். இந்தத் தடவை மீசைக்குப் பெரிய கரண்டி. யார் எங்கே உட்காருவது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மேசை மேலே, தொட்டி விளிம்பில், கரி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலே, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். கூட்டத்தின் மூச்சில் சுவர் வழக்கத்தைவிட அதிகமாக வியர்த்தது. நேரமாகி வந்த சார்ஜெண்ட் ஒருவரும் அவர் மனைவியும் வாசற்படியில் நின்றே எட்டி எட்டிப் பார்த்தார்கள். உள்ளே இடமில்லை.